கராஜுக்கு வைத்த நிலைவாசல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மகன் திருச்செல்வம் காற்றாடிக்கு நேர்க்கீழே, பிரம்பு நாற்காலியில். கிள்ளானில் இந்த வீட்டை நான் வாங்கிய நாளிலிருந்து அது என் நாற்காலி. நான் சக்கர நாற்காலிக்கு மாறியதும் பதவி உயர்வுபோல அது அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. மருமகள் அமுதவள்ளி சாப்பாட்டு மேசைப் பக்கம், அடுப்பில் ஒரு கண்ணும் கூடத்தில் ஒரு காதுமாக. அவளுடைய தம்பி சுகுமாறன் மூன்று பேர் உட்காரும் சோபாவில், மூன்று பேருக்கும் சேர்த்துப் படுத்திருந்தான். மகள் தாமரை மாடிப்படியின் கடைசிப் படியில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை. நான் தொலைக்காட்சிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். வேறெங்கும் சக்கரம் நுழையவில்லை.

பேச வந்த விஷயம் நான்தான். சர்க்கரை வியாதி என் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. படுக்கையறைகள் எல்லாம் மாடியில். மருத்துவமனையிலிருந்து வந்ததுமுதல் கூடத்தில் மடக்குக் கட்டிலில் கிடந்தேன். வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்து, தாண்டி வந்து விடைபெற்றார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். யாரையும் கூப்பிடாமல் நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போகவேண்டும். நானே திரும்பி உள்ளே வரவேண்டும். தெருமுனைக் கடையில் பாலும் சீனியும் போடாத தேநீர், ஒரு தே-ஓ, ஒரு பத்திரிகை, அவ்வளவு போதும். அது முடிந்தால் இந்த வீட்டில் நான் மனிதன். முடியாவிட்டால் மூட்டை. இதை அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்களுடையது முனை வீடு. பக்கவாட்டில் ஒரு பழைய கராஜ் உண்டு. செங்கல் சுவர், ஜிங்க் கூரை, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். கார் நின்று பல வருடமாயிற்று. ஓடாத துணி துவைக்கும் இயந்திரமும் தீபாவளிக்குத் தீபாவளி தூக்கிப்போட்ட சாமான்களும்தான் அங்கே குடியிருந்தன. அதைச் சரிசெய்து, ஓரத்தில் குளியலறையும் கட்டி, எனக்கு அறையாக்கலாம் என்பது தாமரையின் யோசனை.

"நல்ல கொன்ட்ரெக்டரா பாத்துக் கூப்புடலாம் அண்ணே," என்றாள்.

சுகுமாறன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தான். தற்சமயம் அவன் இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த நடு வருடக்கணக்கில் அகலமாகிக்கொண்டே வருகிறது.

"கொன்ட்ரெக்டரா? அக்கா, இந்தக் காலத்துல எவன் கொன்ட்ரெக்டர கூப்புடுறான்? எல்லாம் யூடியூப்ல இருக்குலா. ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன், தனி ஆளு, பழைய கராஜ வீடாவே ஆக்கிட்டான்."

"அவனுக்கு வேலை தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"அவன் பல் டாக்டர் மாமா."

திருச்செல்வத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கிடங்கில் அவன் மேற்பார்வையாளன். நாள் முழுக்கப் பிறர் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தானே எதையாவது தூக்கி வைக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் அதைத் தடுக்க முடியாது.

"நம்மளே செய்வோம்பா. ஞாயித்துக்கிழமையில நானும் சுகுவும். அப்பாவுக்கு நம்ம கையால செஞ்சோம்னா அதுல ஒரு இது இருக்குல்ல."

"எது?"

"ஒரு இதுப்பா."

அந்த 'இது' என்னவென்று இன்றுவரை எனக்கு விளக்கப்படவில்லை.

வேலை முடியும்வரை தாமரை என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அடுக்குமாடி வீட்டில், துணி காயப்போடும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. மகள் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்து லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் விரதம். அது விரதமிருக்கும் நாளில் நானும் மேலேயே விரதம். ஆகவே கராஜ் அறையை நான் எப்படி எதிர்பார்த்திருப்பேன் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சுகுமாறன் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி அதற்கு 'மிஷன் கராஜ்' என்று பெயர் வைத்தான். முதல் வாரம் வந்த படங்கள்: துளை போடும் இயந்திரத்துடன் சுகுமாறன்; பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுகுமாறன்; கையைக் கட்டிக்கொண்டு சுவரை முறைக்கும் சுகுமாறன். இரண்டாவது வாரம் அந்த இயந்திரத்தால் சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயையே துளைத்தார்கள். கராஜ் குளமானது. அதை அடைக்க வெளியாள் ஒருவர் வந்தார். தாமரை போனில் கேட்டதற்கு, "அவரு கொன்ட்ரெக்டர் இல்லக்கா, பிளம்பரு," என்று சுகுமாறன் பதில் சொன்னான்.

நான் துறைமுகக் கிடங்கில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவன். கேட்கவேண்டியதை வரிசைப்படுத்திக் கேட்டுப் பழக்கம். குழுவில் எழுதினேன்: ஒன்று, வாசல் அகலம் என்ன, சக்கர நாற்காலி நுழையுமா? இரண்டு, வாசலில் படி உண்டா, சரிவு உண்டா? மூன்று, குளியலறைக்குள் நாற்காலியோடு போகமுடியுமா? நான்கு, விளக்குச் சுவிட்சு எந்த உயரத்தில்?

பதிலாகக் கட்டைவிரல் ஒன்று வந்தது. சற்று நேரத்தில் மகனிடமிருந்து இன்னொரு கட்டைவிரல். அடுத்த வாரம் அதே கேள்விகளை மறுபடியும் அனுப்பினேன். இந்தத் தடவை பூங்கொத்து வைத்திருக்கும் கரடி ஒன்று வந்தது.

மற்றபடி வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு சுவரில் கருங்கல் மாதிரி தாள் ஒட்டினார்கள். கூரையைச் சுற்றி நிறம் மாறும் விளக்குப் பட்டை ஓட்டினார்கள். நீலம், ஊதா, பச்சை. நான் அங்கே உறங்கப் போகிறேனா நாட்டியம் ஆடப் போகிறேனா என்று தாமரையிடம் கேட்டேன். கராஜ் தரை, தண்ணீர் வடிய வெளிப்பக்கம் சரிந்திருக்கும். அதைச் சிமெண்டு கொட்டி மட்டமாக்கினார்கள். மட்டம் பார்த்தது சுகுமாறனின் கைப்பேசி. மட்டமாக்கிய தரை வாசல் பக்கம் ஒரு படி உயரம் ஏறி நின்றது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. படங்களில் சுகுமாறன் தரையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

கடைசியாக அமுதவள்ளியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "மாமா, வாசல் வாசல்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களாம். மத்ததெல்லாம் இவங்க பாத்துக்கட்டும், வாசல் மட்டும் என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு அது சர்ப்ரைஸா இருக்கட்டும்."

ஆறுதலாக இருந்தது. ஒருத்திக்காவது வாசல் முக்கியம் என்று பட்டிருக்கிறதே என்று நினைத்தேன்.

கராஜுக்குப் புதுமனை புகுவிழா வைத்தார்கள். குருக்கள், பால் காய்ச்சப் புதுப்பானை, வெளியே கூடாரம், வாழையிலைச் சாப்பாடு. தாமரையின் மைவி காரில் போய் இறங்கினேன். பக்கத்து வீட்டு ரெங்கசாமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நாகையா, குடுத்து வச்சவன்யா நீ. என் பசங்க எனக்கு ஒரு ஆணி அடிச்சதில்ல." அவர் நகர்ந்த பிறகுதான் வாசலைப் பார்த்தேன்.

தேக்கு நிலை. இடித்த பழைய கடைவீடு ஒன்றிலிருந்து வாங்கிவந்து இழைத்துப் பளபளப்பு ஏற்றியிருந்தார்கள். மேலே வரிசையாகப் பித்தளை மணி, மாவிலைத் தோரணம். கீழே, தரையிலிருந்து ஒரு சிமெண்டுப் படி. அந்தப் படிக்கு மேல், ஒரு சாண் உயரத்துக்கு வாசற்படிக் கட்டை. மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வரிசை வைத்து, இரண்டு பக்கமும் பூ. ஒரு மாரியம்மன் கோவிலுக்கு வைத்தாலும் குறை சொல்ல முடியாது. கால் போனவனுடைய அறைக்கு வைத்திருக்கிறார்கள்.

என் நாற்காலி சிமெண்டுப் படியில் முட்டி நின்றது. குருக்கள் மந்திரத்தில் மும்முரமாக இருந்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே, "வீட்டுப் பெரியவர் வலது காலை எடுத்து வச்சு உள்ள வரலாம்," என்றார்.

கூடாரத்தில் அண்டா வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குருக்கள் நிமிர்ந்தார். என் வேட்டியைப் பார்த்தார். பிறகு மேலே மணிகளைப் பார்த்தார்.

"லெஃப்ட்டும் ஓகேதான் சாமி," என்றான் சுகுமாறன்.

"வலது பக்கத்து வீல முதல்ல ஏத்துங்கடா," என்று பின்னாலிருந்து யாரோ.

"வீலு வாசப்படியில படக்கூடாதுங்க," என்றாள் அமுதவள்ளி. "தூக்கிருங்க."

நான்கு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். உற்சவ மூர்த்தியைத் தூக்குகிற மாதிரி. மேளம்கூட வாசித்தார்கள். உண்மையைச் சொன்னால், மணிகள் தலையில் உரசிய அந்தக் கணம் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சாமிக்கு இதனால்தான் கோவிலை விட்டுத் தானாக வெளியே வரத் தோன்றுவதில்லை போலும்.

உள்ளே இறக்கிவைத்ததும் சாமி மறுபடி நாகையா ஆனது. சுவிட்சுகள் நின்றவன் தோளுயரத்தில் இருந்தன. துணி மாட்டும் கொக்கிகள் அதற்கும் மேலே. முகம் பார்க்கும் கண்ணாடியில் எனக்குக் கூரைக் காற்றாடி தெரிந்தது. குளியலறைத் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு கரை கட்டியிருந்தார்கள். அதுவும் நாற்காலியைத் தடுத்தது. பால் பொங்கிய சிறிது நேரத்தில் எனக்கு அங்கே போகவேண்டி வந்தது. மகனும் சுகுமாறனும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் வாழைப்பழத் தட்டோடு உறவினர்கள் நின்றிருந்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

விருந்தாளிகள் போன பிறகு கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலையில நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டா, நான் எப்படி வெளிய போறது?"

"எதுக்கு மாமா வெளிய போறீங்க? டிவி இருக்கு, வைஃபை இருக்கு," என்றான் சுகுமாறன்.

"தீப்பிடிச்சா?"

"போன் பண்ணுங்க மாமா."

திருச்செல்வம் வாசற்படியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "வள்ளி, இந்தக் கட்டைய மட்டும் எடுத்துறலாமா?"

"பூஜை போட்டாச்சுங்க. இன்னைக்குத்தான் போட்டிருக்கு. அத ஒடைக்கலாமா?" அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்தது. "மாமா, வாசப்படி இல்லாம இது ரூம் இல்ல, கராஜ்தான். மாமனார கராஜ்ல போட்டு வச்சிருக்கா பாருன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் மரக்கடை மரக்கடையா அலைஞ்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஊர் பேசாமல் இருக்க ஒரு கட்டை வைத்தாள். அந்தக் கட்டைக்கு உள்ளே நான் இருப்பேன், வெளியே ஊர் இருக்கும். பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது.

"ஏம்பா, பலகை போட்டா முடிஞ்சது," என்று சுகுமாறன் எழுந்தான். மிச்சமிருந்த ஒட்டுப்பலகையைக் கொண்டுவந்து வாசற்படி மேல் சாய்த்தான். சறுக்குமரம் போல நின்றது.

"இதுல அப்பா இறங்குவாரா?" என்றாள் தாமரை.

"நானே உக்காந்து காட்டறேன்கா. சேஃப்டி டெஸ்ட்."

என்னைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். கால்மேல் கால் போட்டுக்கொண்டான். திருச்செல்வம் மெதுவாகத்தான் விட்டான். நாற்காலி மெதுவாகப் போகவில்லை. பலகையைத் தாண்டி, கூடாரக் கம்பத்தைத் தாண்டி, ரோஜாத் தொட்டிகள் இரண்டைச் சாய்த்துவிட்டு, தாமரையின் மைவி கதவில் போய் நின்றது.

"மாமா, பிரேக் வேலை செய்யல," என்று அங்கிருந்து கத்தினான்.

"அது நிறுத்தி வைக்கிறதுக்கு உள்ள பிரேக்குடா."

அமுதவள்ளி அதற்குள் பலகையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டாள். பலகை அழுத்தி மஞ்சள் அழிந்துவிட்டதாம். மகாலட்சுமி தலைமேல் சக்கரம் ஓட்டுவது போலவாம்.

திருச்செல்வம் என்னைக் கட்டிலிலிருந்து மறுபடி நாற்காலிக்கு மாற்றக் குனிந்தான். அப்போது அவன் உள்ளங்கை தெரிந்தது. தோல் உரிந்து, ஒரு விரலில் நீளத் தையல். சிமெண்டு தின்ற கை.

"தரை ஓடு மட்டும் முழுசும் நான் போட்டதுப்பா," என்றான். "சுகு இல்ல, நான்."

பார்த்தேன். இடைவெளி ஒன்றுகூடக் கோணாமல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இவ்வளவு ஒழுங்கா போடத் தெரிஞ்சவன் வாசலைப் பாக்கலியா?" என்றுதான் வந்தது.

"பாத்தேன்பா. அவ ஆசையா வாங்கிட்டு வந்தா. கொஞ்ச நாள் போகட்டும். ஒரு வருஷம் கழிச்சு எடுத்துக்கலாம்னு குருக்களே சொல்லிட்டாரு."

ஒரு வருடம் நான் அந்த அறைக்குள் உட்கார்ந்து நிறம் மாறும் விளக்கைப் பார்க்கவேண்டும். அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினேன். போகும்போதும் தூக்கித்தான் இறக்கினார்கள். மேளக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அமுதவள்ளி முகநூலில் போட்ட படங்களுக்கு ஏராளமான வாழ்த்துகளாம். 'இப்படியும் பிள்ளைகள்' என்று ஒருவர் எழுதியிருந்ததைத் தாமரை வாசித்துக் காட்டினாள். இப்படியும்தான்.

சில வாரம் கழித்து திருச்செல்வம் தனியாக வந்தான். கையில் ஆரஞ்சுப் பழமும் வழவழப்பான ஒரு விளம்பரத் தாளும். பழத்தை மேசையில் வைத்தான். தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடித்து மடித்துப் பிரித்தான்.

"பூச்சோங்ல ஒரு இடம்பா. பெரியவங்களுக்குன்னே நடத்துறாங்க. எல்லாம் நம்ம ஆளுங்க. சாப்பாடும் நம்ம சாப்பாடு. இங்க லிஃப்ட் வேற ஓட மாட்டேங்குது, தாமரைக்கும் கஷ்டம்."

"எனக்குக் கஷ்டம்னு யாரு சொன்னது?" என்றாள் தாமரை சமையலறையிலிருந்து.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். சிரிக்கிற கிழவர்கள். "அங்க வாசப்படி உண்டா?"

"இல்லப்பா. எல்லாம் சரிவுதான். நீங்களே தள்ளிக்கிட்டுப் போகலாம், வரலாம்."

"அப்ப அங்க மகாலட்சுமி தங்கறதில்ல."

அவன் தலை குனிந்தான்.

"அந்த ரூம் இப்ப சும்மாத்தான் கிடக்கா?"

"சுகு இருக்கான்பா. தற்காலிகமாதான். புது ரூம், பூட்டி வச்சா பெயிண்ட் வாசம் போகாதுன்னு..."

அறையின் உயரங்களெல்லாம் எனக்கு அப்போது விளங்கின. கண்ணாடி, சுவிட்சு, கொக்கி, விளக்குப் பட்டை எல்லாம் நின்றுகொண்டிருக்கும் ஒருவனுக்கு, இரண்டு காலும் உள்ளவனுக்கு, மத்தியானம் வரை தூங்குகிறவனுக்குப் பொருத்தமாக இருந்தன. சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. சூழ்ச்சி செய்ய உழைக்கவேண்டும். சுகுமாறனிடம் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. தனக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்தான். நான் எங்கே எட்டுவேன் என்று அந்த வீட்டு மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகன் போனதும் தாமரையிடம் தாளும் பேனாவும் கேட்டேன்.

"போன்ல சொன்னா போதாதாப்பா?"

"போன்ல சொன்னா 'ம்'னு சொல்லுவான். வாட்ஸ்அப்புல சொன்னா கரடி வரும்."

கம்போங் மேடானில் ஓடு பதிக்கிற இம்ரான் என்பவரைத் தாமரைக்குத் தெரியும். அவள் அலுவலகக் கழிப்பறையைச் செய்தவர். முதலில் அவரிடம் பேசி நாள் வாங்கினேன். பிறகு எழுதினேன். ஒருமுறை எழுதிப் பார்த்து, கோபம் அதிகமாகத் தெரிந்த இரண்டு இடங்களை அடித்துவிட்டு, நல்ல தாளில் படியெடுத்தேன்.

'அன்புள்ள மகன் திருச்செல்வத்துக்கு, அப்பா எழுதுவது. நலம். பூச்சோங்குக்கு நான் வரவில்லை. கிள்ளானில் இருப்பது என் பெயரில் உள்ள வீடு. அதில் என் அறைக்கு வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை இம்ரானும் அவருடைய ஆட்களும் வருவார்கள். வாசற்படிக் கட்டையை அறுத்து எடுப்பார்கள். சிமெண்டுப் படியை உடைத்து கேட் வரைக்கும் சரிவு போடுவார்கள். குளியலறைக் கரையையும் எடுப்பார்கள். சுவிட்சு, கண்ணாடி, கொக்கி எல்லாம் உட்கார்ந்தவன் கைக்கு இறங்கும். இவற்றுக்கு வீட்டுக்காரன் என்ற முறையில் என் சம்மதத்தை இதனால் தெரிவிக்கிறேன். வேறு யாருடைய சம்மதமும் தேவைப்படாது.

நிலையின் மேல்பாகமும் மணிகளும் அப்படியே இருக்கட்டும். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டையை எடுப்பதால் தோஷம் வந்தால் அது என் கணக்கு என்று அமுதவள்ளியிடம் சொல். நான் கராஜில் இருப்பதாக ஊர் பேசும் என்று அவள் அஞ்சவேண்டாம். தெருமுனைக் கடைக்குப் போய் நானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். போக முடிவதுதான் முக்கியம்.

சுகுமாறன் வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். பெயிண்ட் வாசம் போயிருக்கும். போகவில்லையென்றால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். விளக்குப் பட்டையை அவன் கழற்றிக்கொண்டு போகலாம்.

தரை ஓட்டில் ஒன்றுகூட உடையக்கூடாது என்று இம்ரானிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேலை செய்யும்போது நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். போட்டவன் நீ.

இப்படிக்கு, அப்பா, நாகையா.'

தாமரை வாசித்தாள். கடைசிப் பத்தியில் சற்று நின்றாள். "வெள்ளிக்கிழமைன்னா சுகுவுக்கு ரொம்ப அவசரம்பா," என்றாள்.

"படுத்துக்கிட்டே மூட்டை கட்டட்டும்."

மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினேன். அன்று லிஃப்ட் ஓடியது. தபால் நிலையத்துக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன்; தாமரை பின்னால் நடந்துவந்தாள், தொடவில்லை.

"சாதாரணமா, ரெஜிஸ்டரா அங்கிள்?" என்றாள் முகப்பில் இருந்த பெண்.

"ரெஜிஸ்டர். வாங்குறவர் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

அவள் எடை பார்த்தாள், சீட்டு ஒட்டினாள், உறையைத் தன் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டாள்.